கவனிச்சு அனுப்பு

போருக்கு முன்னால் அவர் வெறும் சிங்காரம். போர் தொடங்கியதும் தளபதி சிங்காரவடிவேல். வென்றதும் சிங்காரவடிவேலனார். வென்று பதினோரு வருடமான பிறகு, ‘போர்முடித்த பெருமகனார், இரு கூரைகளின் காவலர், மாண்புமிகு சிங்காரவடிவேலனார் அவர்கள்’. செய்தி வாசிப்பவர்கள் நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்கிக்கொள்வார்கள். செவ்வாயில் காற்றை உற்பத்தி செய்துதான் சுவாசிக்க வேண்டும் என்பதால், இது பொதுச்சொத்தை விரயமாக்குவது என்று எதிர்க்கட்சி ஒருமுறை மன்றத்தில் ஆட்சேபித்தது. அந்த எதிர்க்கட்சி இப்போது ஆளுங்கட்சியோடு இணைந்து சௌக்கியமாக இருக்கிறது.

நம் ஆட்கள் செவ்வாய்க்குக் குடிவந்து மூன்று தலைமுறை. இங்கே பிறந்த அத்தனை பேருக்கும் ஒரே தோஷம் என்பதால் ஜோசியர்கள் மட்டும் தொழில் நொடித்துப் போனார்கள். மற்றபடி பூமியில் இருந்ததெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது, சண்டை உட்பட. கண்ணாடிக் கூரைகளின் கீழ் இரண்டு ஊர்கள்: மேலக்கூரை, கீழக்கூரை. நடுவே ஒரு பனிச்சுரங்கம். அந்தத் தண்ணீர் யாருக்கு என்று நான்கு வருடம் அடித்துக்கொண்டார்கள். மேலக்கூரை வென்றது.

சிங்காரத்தின் மேல் இருந்த குற்றச்சாட்டு இதுதான். கீழக்கூரை தோற்ற அன்று காலை, அதன் வீரர்கள் இருபத்துமூன்று பேர் கையைத் தூக்கிக்கொண்டு மேலக்கூரை வாசலுக்கு வந்தார்கள். அன்றிரவு அவர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். ஒருவரும் ஊர் போய்ச் சேரவில்லை. புழுதிப்புயலில் சிக்கிக்கொண்டார்கள் என்றது அரசு. முதுகில் காலி காற்று சிலிண்டரை மாட்டி அனுப்பினார்கள் என்றது கீழக்கூரை. வருடங்கள் ஓடின. பிறகு எங்கிருந்தோ ஒரு பழைய ரேடியோப் பதிவு வெளியே வந்தது. அதில் சிங்காரத்தின் குரல், வாசல் பொறுப்பிலிருந்த தன் நண்பன் மருதையனிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியது:

“வந்தவங்களை நல்லா கவனிச்சு அனுப்பு.”

மருதையனைக் கேட்கலாம் என்றால் அவர் மாரடைப்பில் போய், சிலையாகி நின்றுகொண்டிருந்தார். ஆகவே பேராசிரியர்களைக் கேட்டார்கள். ஐந்து பேர் கொண்ட குழு இரண்டு வருடம் ஆராய்ந்தது. ‘கவனித்தல்’ என்பது விருந்தோம்பல் என்றார் ஒருவர். காவல் நிலையத்தில் கவனிப்பது வேறு மாதிரி என்றார் இன்னொருவர். அவருக்கு இளமையில் அனுபவம் உண்டு. மூன்றாமவர் ‘நல்லா’ என்பதில் உள்ள ஆகாரத்தைப் பற்றி ஒரு தனி அத்தியாயம் எழுதினார். கடைசியில் குழு ஒருமனதாக, மேலும் ஆராய வேண்டும் என்று கண்டுபிடித்தது.

விசாரணை ஆணையத்தின் நீதிபதி அஞ்சுகம் அதைப் படித்துவிட்டு ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது அவரிடம் ஒரு யோசனை இருந்தது. பதவியில் இருக்கும் தலைவரை விசாரிக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அவருடைய மனப்படியை, அதாவது மனதின் நகலை, விசாரிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. எழுத மறந்துவிட்டார்கள்.

அப்படித்தான் தையல்நாயகியை அழைத்து வந்தார்கள். அவள் சிங்காரத்தின் மனைவி. பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஏழு வருடமாகத் தனியாக இருந்தாள். வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்கும்போதுகூட அவர் தன்னை ‘நாம்’ என்று சொல்லத் தொடங்கிய வருடத்தில் பெட்டியைக் கட்டினாள். பெருமகனார்களுக்கு விவாகரத்து பொருந்தாது என்பதால் அரசு விழாக்களில் மட்டும் மனைவியாகப் போய் நின்றுவிட்டு வருவாள்.

மனப்படி அறையின் பொறியாளர் ஹபீப் அவளுக்கு விளக்கினான். போரின்போது முக்கியமானவர்களின் மனதை அப்படியே நகல் எடுத்து வைப்பார்கள். ஆள் செத்துவிட்டால் நகலிடம் ஆலோசனை கேட்கலாம் என்று ஏற்பாடு. சிங்காரத்தின் கடைசி நகல் சரணடைந்த அன்று மதியம் எடுத்தது.

“அப்ப ராத்திரி நடந்தது அவருக்குத் தெரியாது” என்றாள்.

“தெரியாதும்மா. அவருக்கு இன்னும் அந்த மதியம்தான். எழுப்பினா மிரண்டுருவாங்க, அதனால பக்கத்துல ஒரு சொந்தக்காரங்க இருக்கணும்னு விதி. ஐயாவோட செயலாளர்கள் நாலு பேர் வரேன்னாங்க. அவங்க யாரையும் இவருக்குத் தெரியாதே.”

அரசு வழக்கறிஞர் குலோத்துங்கன் இதற்கெல்லாம் ஆட்சேபமே சொல்லவில்லை. உத்தரவு போட்ட ஞாபகமே இல்லாத சாட்சியைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: அந்தப் பதிவை நகலுக்குப் போட்டுக் காட்டக் கூடாது, மனம் கலங்கிவிடும். நீதிபதி ஒத்துக்கொண்டார். சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது: தன் மூலத்துக்கு எதிராகத் தவறை ஒப்புக்கொள்ளும் நகல் பழுதானதாகக் கருதப்பட்டு அழிக்கப்படும். தவறை ஒப்புக்கொள்ளும் தலைவர் பழுதானவராகத்தான் இருக்க முடியும் என்று சட்டம் எழுதியவர்கள் முன்னமே ஊகித்திருந்தார்கள்.

திரையில் முகம் தெளிந்தது. மூன்று நாள் தாடி, காலரில் கிழிசல். கண்கள் அறையைச் சுற்றிவிட்டு அவள் மேல் வந்து நின்றன.

“தையலு, சாப்டியா?”

அவள் அதற்குத் தயாராக வந்திருக்கவில்லை. சாப்பிட்டேன் என்றாள். பொய்.

“என்ன இப்படி இளைச்சுட்ட? தலையெல்லாம் நரைச்சிருக்கு. நான் எவ்வளவு நேரம் தூங்கினேன்?”

மெல்ல மெல்லச் சொன்னாள். அந்த நாளுக்குப் பிறகு போரே வரவில்லை என்றதும் அவர் அழுதார். தான் தலைவர் என்றதும் சிரித்தார். எதிர்ச்சுவரில் தொங்கிய அரசுப் படத்தைக் காட்டி, இந்த ஆள் யார், கல்யாணத்துக்கு வந்துவிட்டுப் பந்தியில் இடம் கிடைக்காத சம்பந்தி மாதிரி விறைப்பாக நிற்கிறார் என்று கேட்டார். நீங்கள்தான் என்றாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“பேர் என்ன போட்டிருக்கு கீழ?”

அவள் படித்துக் காட்டினாள். படித்து முடிப்பதற்குள் இருவரும் சிரித்துவிட்டார்கள். ஹபீப் மரியாதை கருதி வெளியே போய்ச் சிரித்தான்.

விசாரணை பத்து நாள் நடந்தது. நீதிபதி கேட்டார்: சரணடைந்தவர்கள் உங்கள் பொறுப்பில் இருக்கிறார்கள், என்ன செய்வதாக உத்தேசம்? காலையிலேயே சோறு போட்டாச்சு, இரண்டு நாள் தூங்க விட்டு வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்றார் நகல். அதைத் திருப்பித் திருப்பி எப்படிக் கேட்டாலும் அதே பதில். பொய்யை அளக்கும் கருவி அசையவில்லை. குலோத்துங்கன் முகத்தில் தீபாவளி. மறுநாளே அரசு ஒரு திட்டம் தயாரித்தது: தீர்ப்பு வந்ததும் நகலுக்கு ‘மாசற்ற தேசிய மனச்சாட்சி’ என்று பட்டம், பராமரிப்புப் பொறுப்பு திருமதி தையல்நாயகி அவர்களிடம். அதாவது அவரை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம்.

அவள் வீட்டில் ஒரு சுவரைக் காலி செய்தாள். அலமாரியை நகர்த்தி, திரை மாட்ட அளவெடுத்தாள். ஐம்பத்து நான்கு வயதில் கண்ணாடி முன் நின்று, நரையை மறைப்பதா வேண்டாமா என்று யோசித்தாள். மதியச் சாப்பாட்டைத் திரைக்கு முன்னால் வைத்துச் சாப்பிடுவதை வழக்கமாக்கிக்கொண்டாள். அவரால் சாப்பிட முடியாது. ஆனால் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பார், உப்பு போதுமா என்பார், அவள் காயை ஒதுக்கினால் அதட்டுவார். பெருமகனார் ஏழு வருடத்தில் அவளுக்கு அனுப்பியவை எட்டு வாழ்த்து அட்டைகள். எல்லாவற்றிலும் செயலாளரின் கையெழுத்து.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆணையத்தின் வெளிக்கூடத்தில் செல்லக்கிளி உட்கார்ந்திருந்ததைத் தவிர.

செல்லக்கிளி கீழக்கூரைக்காரி. நாற்பது வயதிருக்கும். பாசியை அரைத்து முறுக்கு சுட்டு விற்பவள். அவளுடைய தம்பி முத்தரசு அந்த இருபத்துமூன்று பேரில் ஒருவன். விசாரணை நாளெல்லாம் வந்துவிடுவாள். தையல்நாயகி யாரென்று தெரியாமலே முதல் நாள் முறுக்கை நீட்டினாள். தெரிந்த பிறகும் நீட்டினாள்.

“முறுக்கு என்னக்கா செஞ்சுது, தின்னுங்க. உங்க வீட்டுக்காரருக்குத் தாரதா இருந்தா உப்பைக் கொட்டித் தருவேன்.”

இப்படித்தான் பேசுவாள். தம்பியைப் பற்றிப் பேசும்போது திட்டிக்கொண்டே பேசுவாள்: எருமை, எந்த வேலைக்கும் லாயக்கில்லை, குளிக்கச் சொன்னால் தண்ணீர்ப் பஞ்சம் என்பான், சண்டைக்குப் போகாதே என்றதற்கு அங்கே மூன்று வேளையும் சோறு என்று போனான். தையல்நாயகிக்கு அவளைப் பிடித்துவிட்டது. கூடத்தில் சேர்ந்து உட்கார்ந்தால் இருவரும் காவலர்களின் தொப்பையைப் பற்றிச் சிரிப்பார்கள். ஒரு நாள் செல்லக்கிளி சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

“எனக்குத் தண்டனையெல்லாம் வேண்டாம்க்கா. யாரையாவது தூக்குல போட்டா எனக்கென்ன வரப்போகுது. ஒண்ணு தெரிஞ்சா போதும். இருக்கான்னா காத்திருக்கேன். இல்லைன்னா அழுதுட்டு, செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டு, என் சோலியைப் பாப்பேன். ரெண்டும் இல்லாம இருக்கதுதான் முடியல. அழவும் பயமா இருக்கு. உசுரோட இருக்கவனுக்கு அழக் கூடாதுல்லா.”

தையல்நாயகி முறுக்கைக் கடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

அவளுக்கு விடை தெரியும். இரண்டு வருடம் முன்பு அந்தப் பதிவைச் செய்தியில் கேட்ட அன்றே தெரியும். வானொலியை அணைத்துவிட்டு, மிச்சமிருந்த பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடித்தாள். பேராசிரியர்கள் ஐந்து பேர் இரண்டு வருடம் ஆராய்ந்தார்களே, அவருடைய பெண்டாட்டியைக் கேட்போம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவளாகப் போய்ச் சொல்லவும் இல்லை. ஒருவேளை அன்றைக்கு அவர் வேறு அர்த்தத்தில் சொல்லியிருக்கலாம் என்று ஒரு சின்ன இடம் விட்டு வைத்திருந்தாள். அந்தச் சின்ன இடத்தில்தான் இப்போது திரை மாட்ட அளவெடுத்திருந்தாள்.

மதியம் சாப்பாட்டோடு அவர் முன் போய் உட்கார்ந்தாள். என்ன குழம்பு என்று கேட்டார். அவள் பதில் சொல்லாமல் கேட்டாள்:

“நம்ம வீட்டுல ‘கவனிச்சு அனுப்பு’ன்னா என்னங்க?”

அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். “பாலிசி ரத்தினசபாபதி. மறந்துட்டியா?”

மறக்கவில்லை. கல்யாணமான புதிதில், ஒற்றை அறை வீட்டில், ரத்தினசபாபதி என்றொரு காப்பீட்டு முகவர் ஞாயிறு தவறாமல் வருவார். இவர் உள்ளே ஒளிந்துகொண்டு குரல் கொடுப்பார்: ‘தையலு, சாரை நல்லா கவனிச்சு அனுப்பு.’ ரத்தினசபாபதி காபி வரும் என்று மலர்ந்த முகத்தோடு காத்திருப்பார். அவள் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துவாள். அன்றிலிருந்து அது வீட்டுப் பாஷை. வேண்டியவர்கள் வந்தால் அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ‘சாப்பிட வெச்சு அனுப்பு’ என்றுதான் சொல்வார்.

“அது வேற யாருக்குத் தெரியும்?”

“மருதையனுக்குத் தெரியும். அவன்தான் வாரத்துல நாலு நாள் நம்ம வீட்டுல கிடப்பானே. ரத்தினசபாபதி வந்தா அவனே எந்திரிச்சுப் போய் கவனிச்சு...” அவர் அவள் முகத்தைப் பார்த்தார். “என்ன தையலு?”

சொன்னாள். யாரிடம், எப்போது, எத்தனை பேரைப் பற்றி. நிபந்தனைப்படி சொல்லக் கூடாதது. சொல்லி முடித்ததும் திரையில் முகம் அசையாமல் இருந்ததால் இயந்திரம் நின்றுவிட்டதோ என்று பயந்தாள்.

“நான் பொய் சொல்லலை” என்றார் கடைசியில். “காலையில அப்படித்தான் நினைச்சேன். சோறு போட்டு வீட்டுக்கு அனுப்பணும்னுதான்.”

“தெரியும்.”

“ராத்திரிக்குள்ள எவனாவது வந்து காத்து பத்தாதுன்னு சொல்லியிருப்பான். இல்ல, விட்டா திரும்பவும் சண்டைக்கு வருவாங்கன்னு சொல்லியிருப்பான். நான் மருதையன்கிட்ட... கொல்லுன்னு சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது தையலு. அதான் அந்த வார்த்தை. அதைச் சொன்னா கொலை மாதிரி இருக்காது. பாலிசிக்காரன் முகத்துல கதவைச் சாத்துற மாதிரி இருக்கும்.”

அவள் தட்டில் சோறு ஆறிவிட்டது. சாப்பிடு என்றார். பிறகு, நீதிபதியைக் கூப்பிடு என்றார். முடியாது என்றாள். சொன்னால் உங்களை அழித்துவிடுவார்கள், வீட்டில் சுவரெல்லாம் காலி பண்ணி வைத்திருக்கிறேன், ஏழு வருடம் கழித்து ஒரு மனுஷன் சாப்டியா என்று கேட்டிருக்கிறார், என்னால் முடியாது என்று, வகுப்பில் ஒருநாளும் உயராத குரலில் சொன்னாள்.

“சொல்லாம உன்கூட வந்து இருந்தேன்னு வெச்சுக்க” என்றார். “இன்னிக்கு மறைப்பேன். நாளைக்கு நியாயம் சொல்லுவேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பேர் வளரும். அங்க மாட்டியிருக்கே படம், அந்த ஆளும் அப்படித்தான் ஆரம்பிச்சிருப்பான்.”

மறுநாள் விசாரணையில் அவர் தானே பேசினார். குலோத்துங்கன் எழுந்து, நகல் மனம் கலங்கிவிட்டது, வெளியார் யாரோ கலைத்துவிட்டார்கள் என்றார். மேலும், ஒரு வீட்டுக்குள் புருஷன் பெண்டாட்டி விளையாட்டாகப் பேசிக்கொள்வதற்கு அந்த அர்த்தம்தான் என்று எந்த அகராதி சொல்கிறது என்றும் கேட்டார். கேட்ட மாத்திரத்தில் தப்புச் செய்துவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. நீதிபதி அஞ்சுகம் தலையைத் திருப்பி, அந்த அகராதியைப் பார்த்தார்.

“அம்மா, உங்க வீட்டுல அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருளா?”

தையல்நாயகி திரையைப் பார்த்தாள். அவர் அவளைத் தூண்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. கூடத்தின் கடைசி வரிசையில் செல்லக்கிளி முறுக்குக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

“ஆமா. வேற பொருள் கிடையாது. எனக்கு ரெண்டு வருஷமா தெரியும்.”

அன்று மாலைச் செய்தியில், போர்முடித்த பெருமகனார் உடல்நலம் கருதி ஓய்வில் இருப்பதாகவும், நகல் பழுதாகிவிட்டதால் நாளைக் காலை முறைப்படி அப்புறப்படுத்தப்படும் என்றும் சொன்னார்கள். ஐந்து பேராசிரியர்களில் மூவர், தாங்கள் ஆரம்பத்திலிருந்தே இதைத்தான் சொல்லி வந்ததாக அறிக்கை விட்டார்கள்.

தையல்நாயகி விடை பெறுவதற்காக நகல் அறைக்குப் போனபோது வாசலில் செல்லக்கிளி நின்றிருந்தாள். கண் வீங்கியிருந்தது. அழுது முடித்திருந்தாள், அல்லது ஒரு தவணை முடித்திருந்தாள். ‘ரெண்டு வருஷமா தெரியும்’ என்றதற்காக அடிப்பாள் என்று தையல்நாயகி எதிர்பார்த்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், கொஞ்சம் வலிக்கிற மாதிரியே.

“அந்த ஆளைப் பாக்கணும்.”

ஹபீப் விதியைப் பார்க்காமல் கதவைத் திறந்தான்.

செல்லக்கிளி திரைக்கு நேர் எதிரே போய் நின்றாள். மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தவரைக் கையை நீட்டி நிறுத்தினாள்.

“நல்லவன் மாதிரி பேசாத. உன்னைத் திட்டுததுக்கு ஒரு மூட்டை வார்த்தை வெச்சிருக்கேன், அது அப்புறம். காலையில சோறு போட்டேன்னு சொன்னேல்லா. என் தம்பி சாப்பிட்டானா?”

பத்து நாள் விசாரணையில் உத்தரவைப் பற்றிக் கேட்டார்கள், நோக்கத்தைப் பற்றிக் கேட்டார்கள், அதற்கு முன்பே ‘நல்லா’வின் ஆகாரத்தைப் பற்றிக்கூட ஆராய்ந்திருந்தார்கள். அந்த இருபத்துமூன்று பேரைப் பற்றி ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

“பேர் தெரியாதும்மா” என்றார் அவர். “எப்படி இருப்பான்?”

“உயரமா. காது ரெண்டும் வெளிய நிக்கும்.”

அவர் யோசிக்கவே இல்லை. அவருக்கு அது இன்று காலை. “அந்தப் பையனா. வாசல்கிட்ட உக்காந்திருந்தான். ரெண்டு தடவை ரசம் வாங்கினான். மூணாவது தடவை நானே ஊத்தினேன். இதைவிட எங்க அக்கா வைக்கிறது கேவலமா இருக்கும்னான். எல்லாரும் சிரிச்சாங்க.”

செல்லக்கிளி தரையில் உட்கார்ந்துவிட்டாள். தையல்நாயகி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் அழுதது வேறு மாதிரி இருந்தது. நடுநடுவே, எருமை, எருமை என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, வேறு என்ன சொன்னான் என்று கேட்டாள்.

மறுநாள் காலை நகலை அப்புறப்படுத்த வந்த அதிகாரிகளால் அறைக்குள் போக முடியவில்லை. நடைகூடம் முழுக்கக் கீழக்கூரை ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாக்கள், அக்காக்கள், கல்யாணம் நிச்சயமாகி நின்றுபோன ஒருத்தி. எந்த மனுஷனைத் தூக்கில் போடச் சொல்லிப் பதினோரு வருடம் ஊர்வலம் போனார்களோ, அவனை அழிக்கக் கூடாது என்று நீதிபதியிடம் தடை வாங்கியிருந்தார்கள். தங்கள் பிள்ளைகளைக் கடைசியாகப் பார்த்ததைச் சொல்லக்கூடியவன் அவன் ஒருவன்தான். அவனை அழித்தால் அந்தக் காலையும் போய்விடும்.

உள்ளே தையல்நாயகி திரைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு பெரியவர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். யாரிடம் பேசுவது என்று தெரியாமல் அவளைப் பார்த்துச் சொன்னார்:

“எம் பையனுக்கு இடது கையில ஆறு விரல்மா.”

அவள் திரையைப் பார்த்தாள். அவர் முகத்தை ஒரு கணம் கைகளில் புதைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

“உக்காருங்கய்யா” என்றார். “சொல்றேன்.”